கப்பலேறுமுன் ஒரு கணக்கு

கன்னியாகுமரியில் படகேறினால் விவேகானந்தர் பாறையில் இறங்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே படகு ஆடுவதையும், பக்கத்தில் இருப்பவர் கம்பியை இறுகப் பற்றிக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். கடல் சீறினாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவு சிறிய பயணத்துக்கே கடலின் அனுமதி வேண்டுமென்றால், இரண்டரை நாள் கடலிலேயே கழியும் பயணத்துக்கு எவ்வளவு முன்யோசனை வேண்டும்! அப்படியொரு பயணம் நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானின் தலைநகருக்குச் செல்லும் பயணிகள் கப்பல்தான் அது. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த அந்த நகரம் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அந்தமான் நிர்வாகத்தின் கப்பல்கள் சென்னையிலிருந்து மாதத்துக்குச் சில தடவைகளே புறப்படுகின்றன. பெரிய கப்பல்களில் ஏறத்தாழ 1200 பேர் போகலாம். சுற்றுலா செல்வோருக்கு இது ஓர் அனுபவம். விமானக் கட்டணம் கட்ட இயலாத தீவுவாசிகளுக்கோ, மருத்துவத்துக்கும் படிப்புக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் 'பஸ்' இதுதான்.

நீங்கள் இந்தக் கப்பலில் போவதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த கணிதமும் இயற்பியலும் உங்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

எவ்வளவு நேரம் ஆகும்?

நிலப்படத்தை விரியுங்கள். சென்னை ஏறத்தாழ 80¼ பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. ஸ்ரீ விஜயபுரம் 92¾ பாகையில் உள்ளது. வித்தியாசம் 12½ பாகை. ஒரு பாகைக்கு 60 கலைகள் அல்லவா? ஆக 750 கலைகள். பூமத்திய ரேகையில் ஒரு கலையின் நீளம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், 750-ஐ 12 பாகையின் கொசைனால் பெருக்கவேண்டும். விடை ஏறத்தாழ 733. சென்னை சற்று வடக்கே இருப்பதையும் கணக்கில் சேர்த்தால் 740 கடல் மைல் வரும்.

ஆனால் கப்பல் நேர்கோட்டில் போக முடியாது. துறைமுகம் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நாமோ மேற்கிலிருந்து வருகிறோம். ஆகவே கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். மொத்தம் 780 கடல் மைல் எனக் கொள்வோம்.

கப்பலின் வேகத்தை 'நாட்' என்ற அலகால் அளக்கிறார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட். 'நாட்' என்றால் முடிச்சு. பாய்மரக் காலத்தில், முடிச்சுகள் இட்ட கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவார்கள். 28 வினாடி ஓடும் மணற்கடிகாரம் தீர்வதற்குள் கையிலிருந்து எத்தனை முடிச்சுகள் நழுவுகின்றன என்று எண்ணுவார்கள். முடிச்சுகளுக்கு இடையே ஏறத்தாழ 14.4 மீட்டர். 14.4-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். 1852-ஐ 3600-ஆல் வகுத்தும் பாருங்கள். இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒன்றே!

இனிக் கணக்கு எளிது. 15 நாட் வேகத்தில் 780 கடல் மைலைக் கடக்க 52 மணி நேரம் ஆகும். வேகம் 13 நாட்டாகக் குறைந்தால் 60 மணி நேரம். இரண்டே நாட் குறைந்ததற்கு எட்டு மணி நேரம் தாமதம்!

"அப்படியானால் வேகத்தைக் கூட்டினால் என்ன?" என்று கேட்பீர்கள். நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது. திறன் என்பது தடையையும் வேகத்தையும் பெருக்கிய தொகை. எனவே அது வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். 15 நாட் போகும் கப்பலை 18 நாட்டுக்கு விரட்ட, எந்திரம் 1.7 மடங்குக்கும் மேல் உழைக்கவேண்டும். எனவே இழந்த நேரத்தை ஓடிப் பிடிப்பது கப்பலுக்கு எளிதன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது தேவைப்படும்.

எந்த மாதம் போகலாம்?

ஆனி, ஆடி மாதங்களில் கடல் எப்படி இருக்கும் என்று குளச்சலிலோ முட்டத்திலோ கேட்டுப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடலையும் கொந்தளிக்கச் செய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், ஏப்ரல், மே மாதங்களிலும் அங்கே புயல்கள் உருவாகக்கூடும். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அந்தமானை ஒட்டி வளர்ந்தபோது, ஹேவ்லாக் தீவிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் கரை திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொண்டார்கள். அதே புயல் மேற்கே நகர்ந்து டிசம்பர் 12-ஆம் தேதி சென்னை அருகே கரை கடந்தது. அதாவது, கப்பல் போகும் பாதையில் அது எதிர்த்திசையில் வந்திருக்கிறது! 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலைக் கண்ட குமரி மாவட்டத்துக்குப் புயலின் வலிமையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தால், நம் பயணத் தேதி இனி நம் கையில் இல்லை என்று பொருள்.

எந்தப் படுக்கை நல்லது?

கப்பலின் ஆட்டங்களில் இரண்டு முக்கியமானவை. அலை பக்கவாட்டில் மோதினால் கப்பல் இடமும் வலமுமாகச் சாயும். முன்னால் மோதினால் அணியம் மேலேறிக் கீழிறங்கும்.

150 மீட்டர் நீளமுள்ள கப்பலை நடுவில் தாங்கிய ஏற்றப்பலகையாக எண்ணிக்கொள்ளுங்கள். அது 3 பாகை சாய்கிறது. நடுவிலிருந்து 60 மீட்டர் தள்ளி, அணியத்தை ஒட்டிப் படுத்திருப்பவர் எவ்வளவு உயர்வார்? 60-ஐ 3 பாகையின் சைனால் பெருக்கினால் 3 மீட்டருக்கு மேல் வருகிறது. மறுபக்கம் சாயும்போது அதே அளவு தாழ்வார். ஆக, ஒவ்வோர் அலைக்கும் இரண்டு மாடி ஏறி இறங்குவதுபோல் இருக்கும்! நடுவிலிருந்து 10 மீட்டரில் படுத்திருப்பவரோ அரை மீட்டர்தான் உயர்வார். பக்கவாட்டுச் சாய்விலும் இதே கதைதான்: மேல்தளத்தில் வீச்சு அதிகம், கீழ்த்தளத்தில் குறைவு. எனவே ஆட்டத்துக்கு அஞ்சுபவர் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் இடம் கேட்கவேண்டும். கட்டணம் குறைந்த 'பங்க்' வகுப்பில் அத்தகைய இடம் கிடைத்தால் அதை மறுக்காதீர்கள்.

தலைசுற்றல் ஏன்?

நம் உட்செவியில் அரைவட்டக் குழல்கள் மூன்று உள்ளன. உடல் அசைந்தால் அவற்றிலுள்ள திரவமும் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அறைக்குள் இருக்கும்போது கண், "சுவர் அசையவில்லை" என்கிறது. செவியோ, "ஆடுகிறோம்" என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். சுமார் 5 வினாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாக ஆடும் ஆட்டம்தான் மிகவும் தொல்லை தரும்.

பரிகாரமும் இந்த விளக்கத்திலேயே அடங்கியிருக்கிறது. தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். கண்ணும் செவியும் ஒரே செய்தியைச் சொல்லும். புத்தகம் படிப்பதையும், கைப்பேசித் திரையை உற்றுப் பார்ப்பதையும் தவிர்க்கவேண்டும். வயிறு முட்டவும் உண்ணாதீர்கள், பட்டினியும் கிடக்காதீர்கள். மாத்திரை வேண்டுவோர் மருத்துவரைக் கேட்டு, குமட்டல் தொடங்குமுன்பே போட்டுக்கொள்ளவேண்டும்.

கைப்பேசியும் கடிகாரமும்

பூமி உருண்டை. ஆதலால் 16 மீட்டர் உயரத் தளத்திலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. தூரக் கடல்பரப்பையே காணலாம். கைப்பேசி அலைகளும் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவைதாம். கரையில் 50 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தாலும், 40 கி.மீ. தாண்டியதும் அது பூமியின் வளைவுக்குப் பின்னே மறைந்துவிடும். 15 நாட் வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இது நடந்துவிடும். வீட்டுக்குச் சொல்லவேண்டியதை அதற்குள் சொல்லிவிடுங்கள்.

கடிகாரத்தை மாற்றவேண்டியதில்லை, அங்கும் இந்திய நேரமே. ஆனால் பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், 12½ பாகை கிழக்கே போனதும் சூரியன் 50 நிமிடம் முந்தி உதிக்கிறது. மார்ச் மாதத்தில் அங்கே மாலை ஐந்தரைக்கே கதிரவன் மறைந்துவிடுவான். தீவுகளைச் சுற்றிப் பார்க்கும் திட்டத்தைக் காலை நேரத்திலேயே தொடங்குங்கள்.

ஒரு நாள் மிச்சம் வையுங்கள்

ஊஞ்சலை அதன் இயல்பான கால இடைவெளியில் தள்ளினால், சிறு தள்ளலிலும் ஆட்டம் பெரிதாகிறது. கப்பலுக்கும் அப்படியோர் இயல்பான ஆட்டக்காலம் உண்டு. அலைகள் அதே இடைவெளியில் மோதினால் சாய்வு வளர்ந்துகொண்டே போகும். இதுவே ஒத்ததிர்வு. அப்போது மாலுமி திசையை மாற்றுவார், அல்லது வேகத்தை மாற்றுவார். திசை மாறினால் தூரம் கூடும். வேகம் குறைந்தால் நேரம் கூடும். இழந்த நேரத்தை மீட்பது கடினம் என்று முன்பே பார்த்தோம். கப்பல் தாமதமாக வந்தால் அது அசட்டையால் வந்த தாமதமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பலரின் உயிரைக் காக்கக் கொடுத்த விலையாகவும் இருக்கலாம்.

ஆகவே, கப்பல் சென்னை சேரும் நாளன்றே நாகர்கோவில் ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். மறுநாள் காலை தேர்வு, அன்று மாலை கப்பல் வருகிறது என்று திட்டமிடுவது அதைவிடத் தவறு. முன்னும் பின்னும் ஒரு முழுநாளாவது மிச்சம் இருக்கட்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. கொச்சியிலிருந்து லட்சத்தீவின் கவரத்திக்கும் கப்பல் போகிறது. நிலப்படத்தையும் காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரம், நேரம், ஏற்ற மாதம், சூரியன் உதிக்கும் நேர வித்தியாசம் ஆகிய நான்கையும் நீங்களே கண்டுபிடியுங்கள். இம்முறை மேற்கு நோக்கிப் போகிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்!