வாகைக்குளம் விமான நிலையமும் சுற்றுக் கிராமங்களும்

முற்காலத்தில் ரயில் பாதை போடப்பட்டபோதும், பின்னர் தார்ச் சாலையும் பஸ்ஸும் வந்தபோதும், கிராம மக்களிடையே ஒரே கேள்வி எழுந்தது: "இதனால் நமக்கு என்ன பயன்?" இன்று விமான நிலையங்களைப் பற்றியும் அதே கேள்வி எழுகிறது. விமானம் பட்டணத்தாருக்குரியது என்பது பலருடைய எண்ணம். ஆயினும் விமான நிலையம் பட்டணத்தின் நடுவில் அமைவதில்லை. கிராமத்து நிலத்தில், குளங்களுக்கும் மானாவாரிக் காடுகளுக்கும் இடையில்தான் அமைகிறது. ஆதலால் அதன் வரலாற்றையும் வசதிகளையும் வருங்கால வளர்ச்சியையும் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெரிந்துகொள்வது அவசியம். தூத்துக்குடி மாவட்டத்து வாகைக்குளம் விமான நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்க முற்படுகிறோம்.

தோற்றமும் வளர்ச்சியும்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி வாகைக்குளம் அமைந்திருக்கிறது. இங்கே 1992-ஆம் ஆண்டில் விமான நிலையம் திறக்கப்பட்டது. சிறிய ஊர்களை இணைப்பதற்கென்றே 1981-இல் ஏற்படுத்தப்பட்ட வாயுதூத் நிறுவனம் முதலில் விமானம் விட்டது. அச்சேவை நிலைக்கவில்லை. பல்லாண்டுகள் ஓடுபாதை இருந்தும் விமானம் இல்லாத நிலை நீடித்தது. கட்டிடம் கட்டுவது ஒன்று, அதைத் தொடர்ந்து பயன்படுத்துவது வேறொன்று என்பதற்கு இது தக்க சான்று.

2006-இல் ஏர் டெக்கான் நிறுவனம் மீண்டும் சேவையைத் துவக்கியது. அந்நிறுவனத்தை நிறுவிய காப்டன் கோபிநாத், இராணுவத்திலிருந்து விலகியபின் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் பயிர்த்தொழில் செய்தவர் என்பது நம் விவசாயிகள் அறிந்து மகிழத்தக்க செய்தி. அதன் பின்னர் ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ முதலிய நிறுவனங்கள் வந்தன. தூத்துக்குடித் துறைமுகமும் தொழிற்சாலைகளும், திருச்செந்தூர் செல்லும் யாத்திரிகர்களும், திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளிலிருந்து வெளியூர் சென்று தொழில் செய்வோரும் பிரயாணிகளின் தொகையைப் பெருக்கினர்.

ஓடுபாதையின் கணக்கு

பழைய ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர். இதில் எழுபதுக்கு மேற்பட்டோர் அமரும் விசிறி விமானங்களே இறங்க இயலும். நூற்று எண்பது பேர் செல்லும் ஏர்பஸ் போன்ற ஜெட் விமானம் எடை மிகுந்தது; தரையை விட்டு எழும்புவதற்கு அதிக வேகமும் நீண்ட ஓட்டமும் வேண்டும். மேலும், வெப்பம் மிகுந்த காற்று அடர்த்தி குறைந்ததாதலால், கோடை வெயிலில் விமானம் இன்னும் நெடுந்தூரம் ஓடியே எழும்ப வேண்டியிருக்கும். இக்காரணங்களால் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. இதற்கென ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தை மாநில அரசு இந்திய விமான நிலைய ஆணையத்திடம் ஒப்படைத்தது.

புதிய முனையமும் பிரயாணிகள் வசதியும்

சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் உருவான புதிய முனையக் கட்டிடம் 2025 ஜூலை 26-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. இதன் பரப்பு 17,340 சதுர மீட்டர்; நம் கணக்கில் நாலேகால் ஏக்கருக்குச் சற்று மேல். நெரிசல் வேளையில் ஒரு மணிக்கு 1,350 பேரும், ஆண்டொன்றுக்கு 20 லட்சம் பேரும் வந்து செல்லத்தக்கதாக இது அமைந்துள்ளது. பிற்காலத்தில் விரிவுபடுத்தினால் மணிக்கு 1,800 பேர், ஆண்டுக்கு 25 லட்சம் பேர் என உயர்த்த இடமுண்டு. விளக்குகள் யாவும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் எல்.இ.டி. வகையின. கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துகின்றனர். இம்முறை நம் ஊராட்சிகளும் பின்பற்றத்தக்கது.

முதன்முறை பிரயாணம் செய்வோருக்குச் சில குறிப்புகள். உள்நாட்டுப் பிரயாணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்தை அடைதல் நலம். விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி முன்னரே பதிவுச் சாளரத்தை மூடிவிடுவது வழக்கம். ஆதார், வாக்காளர் அட்டை போன்ற புகைப்பட அடையாளச் சான்றைக் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டும். கையில் 7 கிலோவும், சரக்கறையில் 15 கிலோவும் பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச் சத்து மிகுந்து தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. ஆகவே அதை மூட்டையில் வைத்தல் கூடாது. நடக்க இயலாத முதியோருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமாயின் சீட்டுப் பதிவு செய்யும்போதே தெரிவித்துவிடலாம்.

ஊராட்சிகளின் பொறுப்பு

இனி நமக்கு மிகவும் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். விமானத்துக்குப் பகை பறவை. ஒரு பருந்தோ கொக்கோ எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டால், அதன் சுழல் தகடுகள் சிதைந்து விபத்து நேரக்கூடும். பறவைகளை அழைப்பவை குப்பைமேடும், இறைச்சிக் கழிவும், மீன் கழிவுமே. இதனாலேயே 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில், விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் திறந்த வெளியில் பிராணிகளை வெட்டுவதும் தோலுரிப்பதும் குப்பை கொட்டுவதும் தடுக்கப்பட்டன. மீறுவோர் சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உள்ளாவர். சாலையோரத்தில் கோழிக் கழிவைக் கொட்டும் வழக்கத்தை நிறுத்துவதும், குப்பையைத் தரம் பிரித்து மக்கச் செய்வதும் விமானத்தில் ஏறாதவர்கள் விமானத்தில் செல்வோரின் உயிரைக் காக்கும் செயலாகும்.

இரண்டாவது, உயரக் கட்டுப்பாடு. விமானம் இறங்கும் வழியில் உயர்ந்த கட்டிடமோ, கைப்பேசிக் கோபுரமோ, காற்றாலையோ, ஆலைப் புகைபோக்கியோ குறுக்கிடலாகாது. நிலையத்தைச் சுற்றிலும் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்பதை வண்ண வரைபடம் காட்டும். 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, தேவைப்படும் இடங்களில் ஆணையத்தின் தடையின்மைச் சான்றைப் பெற்ற பிறகே அனுமதி வழங்க வேண்டும். கட்டி முடித்த மேல்மாடியை இடிப்பதைக் காட்டிலும், அஸ்திவாரம் தோண்டுமுன் விசாரிப்பது எளிது.

மூன்றாவது, மருந்து தெளிக்கும் டிரோன். இன்று பல விவசாயிகள் இதை வாடகைக்கு அமர்த்துகின்றனர். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி இதைப் பறக்கவிடக் கூடாது. ஓட்டுபவரிடம் அனுமதியைக் கேட்டுப் பார்ப்பது நிலத்துக்குரியவரின் கடமை.

நான்காவது, மழைநீர். ஓடுபாதை 45 மீட்டர் அகலம் எனக் கொண்டால், 3,115 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்யும்போது ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் லிட்டர் நீர் வடியும். முன்பு மண்ணில் ஊறிய நீர் இப்பொழுது ஓடையைத் தேடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், மாவட்டம் பட்ட துன்பத்தையும் எவரும் மறக்கவியலாது. ஆதலின் நீர்வரத்துக் கால்வாய்களையும் குளத்து மறுகால்களையும் ஆண்டுதோறும் மழைக்கு முன்னரே தூர்வாரி, ஆக்கிரமிப்பின்றி வைத்திருத்தல் வேண்டும். நிலையத்தின் வடிகால் எந்த ஓடையில் சேருகிறது என்பதை ஊராட்சியினர் நேரில் பார்த்துக் குறித்து வைத்தல் நலம். மழைநீர் குளத்துக்குச் சென்றால் செல்வம், தெருவுக்கு வந்தால் சேதம்.

நிலமும் இழப்பீடும்

வளர்ச்சிப் பணிக்கு நிலம் கொடுப்போரின் மனவேதனையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பரம்பரை நிலத்துக்கு விலை போடுவது எளிதன்று. ஆயினும் சட்டம் தரும் உரிமையை முழுமையாகப் பெறுதல் வேண்டும். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீட்டுத் தொகைக்குச் சமமான ஆறுதல் தொகை மேலும் உண்டு. மரங்களுக்கும் கிணற்றுக்கும் கட்டிடங்களுக்கும் தனி மதிப்பீடு உண்டு. தொகை போதாதெனக் கருதுவோர், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டு உரிய கெடுவுக்குள் மேல் விசாரணை கோரலாம். இவற்றுக்கெல்லாம் அடிப்படை பட்டா. காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்குமாயின், பங்காளிகளிடையே வழக்கு எழும். பணமும் கைக்கு வராது. நிலம் எடுக்கும் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், வாரிசுச் சான்றும் பெயர் மாற்றமும் இன்றே செய்துகொள்ளுதல் அறிவுடைமை.

வருங்காலம்

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவற்றால் விமானப் போக்குவரத்து மேலும் பெருகும் என எதிர்பார்க்கலாம். பெரிய விமானங்களின் அடிவயிற்றில் சரக்கேற்றும் இடம் கூடுதலாக உண்டு. பூ, மீன் போன்று விரைவில் கெடும் பொருள்களை அவ்வழியே தொலைதூரச் சந்தைக்கு அனுப்ப இயலும். ஆனால் தனி ஒருவர் ஒரு கூடைப் பூவை அனுப்பிக் கட்டுபடியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களாகச் சேர்ந்து, தரம் பிரித்து, குளிர்ச்சி குன்றாமல் கட்டி அனுப்பினால்தான் இலாபம் நிற்கும். சுற்றுக் கிராமத்து இளைஞர்களும் வாகனம், உணவு, பராமரிப்பு முதலிய தொழில்களுக்கு இப்பொழுதே பயிற்சி பெறுதல் வேண்டும்.

முனையத்தைக் கட்டியது அரசு. அதனைச் சுற்றியுள்ள வானையும் நிலத்தையும் நீரையும் காப்பது ஊராட்சியின் கையில் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் குப்பை, கட்டிட உயரம், டிரோன், வடிகால், பட்டா ஆகிய ஐந்தையும் பொருளாக வைத்து விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றுமாறு விமான நிலையங்களை அடுத்துள்ள ஊராட்சிகள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.