சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரப் பயணம்?

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் சென்றவர்கள் ஏராளம். திருச்சி விமான நிலையமும் திருச்சி–புதுக்கோட்டை சாலையில்தான் உள்ளது. எனவே காலம், தொலைவு, வேகம் கற்பிக்க இலண்டன்–பாரிஸ் கணக்கைவிட, நம் பிள்ளைகள் வீட்டில் காதில் விழும் ஊர்களே பொருத்தமானவை.

கரும்பலகையில் ஒரு மாதிரிப் பயணச்சீட்டை எழுதுவோம். திருச்சியில் புறப்பாடு அதிகாலை 1.00, சிங்கப்பூர் வருகை காலை 7.45. திரும்பும்போது சிங்கப்பூரில் புறப்பாடு இரவு 8.00, திருச்சி வருகை இரவு 9.40. நேர்த்தொலைவு சுமார் 2,980 கி.மீ.

மாணவர்கள் நேரத்தைக் கழித்துப் பார்ப்பார்கள். போக 6 மணி 45 நிமிடம். வர 1 மணி 40 நிமிடம். அதன்படி வேகம் மணிக்குச் சுமார் 440 கி.மீ., 1,790 கி.மீ. கழித்தலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனால் ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,230 கி.மீ.தான். பயணிகள் விமானம் ஒலியை முந்திவிட்டதா? இந்தக் கேள்வியை வகுப்பில் விட்டுவிட்டுச் சற்றுக் காத்திருக்கலாம்.

சீட்டில் அச்சாவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட 2.30 மணி நேரம் முன்னே உள்ளது. போகும்போது அதைக் கழிக்க வேண்டும். வரும்போது கூட்ட வேண்டும். விடை 4 மணி 15 நிமிடம், 4 மணி 10 நிமிடம். வேகம் இருமுறையும் 700 கி.மீ.யை ஒட்டி வரும். உயரே 800 கி.மீ.க்கு மேல் பறந்தாலும், ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்வதால் சராசரி குறைகிறது.

அடுத்து தீர்க்கக்கோடுகள். புதுக்கோட்டை ஏறத்தாழ 78.8° கிழக்கு, சிங்கப்பூர் 103.8° கிழக்கு. வேறுபாடு 25°. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் எனில் 100 நிமிடம்தான் வரவேண்டும். கடிகாரமோ 150 நிமிடம் காட்டுகிறது. காரணம், இந்தியத் திட்ட நேரம் 82.5° கோட்டைச் சார்ந்தது. சிங்கப்பூர் 1982 முதல், மலேசியாவுடன் சேர்ந்து, 120° கோட்டின் நேரத்தைப் பின்பற்றுகிறது. சூரியன் தருவது தல நேரம்; அரசு தீர்மானிப்பது திட்ட நேரம்.

துபாயை மாணவர்களே கணக்கிடட்டும். திருச்சியிலிருந்து அதுவும் சுமார் 2,940 கி.மீ.; கடிகாரம் 1.30 மணி நேரம் பின்னே. காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு 4 மணி 15 நிமிடம் பறந்தால், அங்கு மணி 12.45. சீட்டைப் பார்த்தால் துபாய் பக்கம்போலவும் சிங்கப்பூர் தொலைவுபோலவும் தோன்றும். உலக உருண்டையில் நூல் வைத்து அளந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. அந்த நூலை நிலநடுக்கோட்டில் வைத்து, டிகிரிக்கு 111 கி.மீ. எனப் பெருக்கினால் தொலைவும் கிடைத்துவிடும்.

உண்மையான சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அவற்றில் குடும்பத்தினரின் சொந்த விவரங்கள் இருக்கும். எந்தக் கணக்கை முடித்தாலும், "இது நடக்கக்கூடியதா?" என்று மாணவர் தம் விடையைத் தாமே கேட்கப் பழகுவதே இப்பாடத்தின் பயன்.