இரண்டு கண் எதற்கு?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ போய்க்கொண்டிருக்கும். நமக்கு இரண்டு கண்கள் அமைந்திருப்பது முகத்தின் அழகுக்காக மட்டும் அன்று என்பது அப்பொழுது விளங்கும்.

கண்கள் இரண்டும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஆகையால் ஒரே பொருள் இரு கண்களிலும் சற்றே வேறுபட்ட உருவங்களாக விழுகிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தூரத்தை அளந்து விடுகிறது. 1838-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் விஞ்ஞானி இதை நிரூபித்தார். தட்டையான இரு சித்திரங்களை நிலைக்கண்ணாடிகளின் உதவியால் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினார். பார்த்தவர்களுக்கு முன்னும் பின்னும் உடைய ஒரே பொருள் தோன்றிற்று!

ஒற்றைக் கண்ணால் பார்க்கையில் மூளை என்ன செய்யும்? பொருளின் பருமனை வைத்துக் கணக்குப் போடும். 1965-ல் அமெரிக்காவில் வில்லியம் எப்ஸ்டைன் என்பவர் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சென்ட் நாணயங்களைப் படம் பிடித்தார். மூன்று படங்களையும் ஒரே அளவாக்கி, இருட்டறையில் ஒரே தூரத்தில் வைத்துக் காட்டினார். ஒற்றைக் கண்ணால் பார்த்தவர்களுக்குச் சிறிய காசு அருகிலும் பெரிய காசு தொலைவிலும் இருப்பதாகத் தோன்றிற்று. 'சின்னக் காசு இத்தனை பெரிதாகத் தெரிந்தால் பக்கத்தில்தானே இருக்க வேண்டும்?' என்பது மூளையின் தர்க்கம். இரு கண்களாலும் பார்த்தபோதோ இந்த மயக்கம் எடுபடவில்லை.

நமது வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பெரிய பந்தைப் பிடித்து விடுவான். சிறிய ரப்பர்ப் பந்து வந்தால் அவன் கை தாமதமாகவே மூடும். கவனமில்லை என்று நாமும் பல முறை கடிந்து கொண்டோம். கடைசியில் கண் வைத்தியர் சோதித்தபோது அவனுடைய இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்று தெரிந்தது. அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அவன் எவ்வாறு அறிவான்? கடிந்த சொற்களை நினைத்து நாம் வெட்கினோம்.

இக்குறையைச் சோம்பல் கண் என்பார்கள். தக்க கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடி வைத்தும் இதைத் திருத்தலாம். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வயது ஏற ஏறக் குறையும்.

ஆகவே, இன்றே உங்கள் குழந்தையின் கண்களை ஒவ்வொன்றாக மூடி, எதிர்ச் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை தடுமாறினாலும், கையைத் தட்டிவிட்டு அழுதாலும் தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.