தீர்ப்புக்குப் பின் தொடங்கும் கதை

வழக்கு நாடகங்களில் காவலர் வருவார், வழக்கறிஞர் வாதாடுவார், நீதவான் தீர்ப்பளித்ததும் திரை விழும். அதன் பின்னர் அக்குற்றவாளியின் கதி என்ன? இவ்வினாவையே கருவாகக் கொண்ட தொலைக்காட்சி நாடகத் தொடர் ஒன்று இங்கிலாந்தில் விளங்கியது. ஏ.ரி.வி. நிறுவனம் 1959 முதல் 1962 வரை வழங்கிய 'புரொபேஷன் ஒபிசர்' என்பதே அது. நாம் 'நன்னடத்தை உத்தியோகத்தர்' என்றழைக்கும் அலுவலரே அதன் நாயகர். பிலிப் மெயின் என்னும் பாத்திரத்தில் ஜோன் போலும், ஐரிஸ் கோப் என்னும் பெண் அலுவலராக ஒனர் பிளாக்மனும் நடித்தனர். பிளாக்மன் பின்னர் 1964இல் 'கோல்ட்ஃபிங்கர்' திரைப்படத்தின் மூலம் உலகப் புகழ் எய்தினார்.

துப்பாக்கியும் துரத்தலும் இல்லாத இத்தொழிலில் நாடகத்துக்கு இடமுண்டா என்று வாசகர் வினவலாம். இத்தொழில் பிறந்த வரலாற்றை நோக்கின் விடை புலப்படும்.

1876ஆம் ஆண்டில் பிரெடெரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளர், இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் நன்கொடை அனுப்பினார். குடியினால் மீண்டும் மீண்டும் குற்றக்கூண்டில் ஏறும் ஏழைகளைக் கைதூக்கிவிட ஆவன செய்யுமாறு வேண்டினார். லண்டன் நீதிமன்றங்களுக்குச் சமயத் தொண்டர்கள் சென்றனர். 1907ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொண்டினைச் சட்டபூர்வ உத்தியோகமாக்கியது. அறிவுரை கூறல், உதவி புரிதல், நண்பனாயிருத்தல் ஆகிய மூன்றையும் அச்சட்டம் அலுவலரின் கடமைகளாக வகுத்தது.

சட்டம் நட்பைக் கடமையாக்கியது! ஆயினும் அதே சட்டம், மேற்பார்வையிலுள்ளவரின் நடத்தையை நீதிமன்றத்துக்கு அறிவிக்கவும் அலுவலரைப் பணித்தது. நண்பரென நம்பி ஓர் இளைஞன் தன் பிழையை ஒப்புக்கொண்டால், அவர் செய்வது யாது? மறைத்தால் கடமை தவறும்; அறிவித்தால் நம்பிக்கை முறியும். இத்தர்மசங்கடத்தை விடச் சிறந்த நாடகம் வேறென்ன வேண்டும்?

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். எனவே அந்நாளில் இத்தொடரை இங்கு எவரும் தம் இல்லத்திலிருந்து கண்டிருக்க இயலாது. ஆயினும் அதன் பொருள் நமக்குப் புதிதன்று. குற்றவாளிகளை நன்னடத்தையின் பேரில் விடுவிப்பதற்கான கட்டளைச் சட்டம் 1944இலேயே இங்கு இயற்றப்பட்டது. அதன் இலக்கம் 42. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களமும் தோன்றியது.

எனினும் உத்தியோகத்தர் ஒருவர் மாத்திரம் ஒருவனைத் திருத்திவிட முடியுமா? வாரத்தில் ஒருமுறை அவர் வந்து செல்வார்; எஞ்சிய நாள்களில் அப்பையன் வாழ்வது நம் மத்தியிலன்றோ! வேலை தர மறுக்கும் முதலாளியும், அவனைக் கண்டதும் தம் பிள்ளையை உள்ளே அழைக்கும் தாயும் நீதவான் விதியாத தண்டனையை விதிக்கின்றனர். தவறியவன் திரும்பி வரும்போது நம் வாயிற்கதவு திறந்திருக்குமா? பெற்றோரும் மாணவரும் இன்றிரவு உணவு வேளையில் இதனைச் சிறிது பேசிப் பார்ப்பார்களாக.