வெயில் தின்ற கயிறு

நிலாவெளிக் கரையில் பழைய கரைவலைக் கயிறு ஏதும் கிடந்தால் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள். மணலுக்குள் புதைந்திருந்த பக்கம் இன்னும் உறுதியாக இருக்கும். வெயில் பட்ட பக்கம் விரலிடுக்கில் வெள்ளைத் தூளாக உதிரும். கூரையில் போட்ட தறப்பாளும் அப்படித்தான். கரையேற்றி வைத்த பைபர் போட்டைத் தடவினால் உள்ளங்கையில் மா ஒட்டும். சூட்டுக்கு இந்த வேலை தெரியாது. நாரின் இரசாயனப் பிணைப்பை அறுக்கும் பலம் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிருக்குத்தான் உண்டு.

சித்திரை பிறந்தால் திருகோணமலையில் ஒரு பேச்சு எழும்: ஓசோனில் ஓட்டை விழுந்திட்டுது, அதுதான் இந்த வெக்கை என்று. அதில் இரண்டு பிழை. ஓட்டை விழுவது அந்தாட்டிக்காவுக்கு மேலே. வெக்கை கூடுவதற்கு முதற்காரணம் காபனீரொட்சைட்டு. ஆனால் எங்கள் ஊரில் கழியூதாக் கதிர் கடுமை என்பது மெய். அதன் காரணம் ஓட்டையைவிட மிகப் பழையது.

ஊர் இருப்பது சுமார் 8.6 பாகை வடக்கில். புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்பும், ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கதிர் சரியாமல் இறங்குவதால் காற்றில் அது கடக்கும் வழி குறுகியது. ஓசோனும் இங்கே இயல்பாகவே மெல்லியது. தலைக்கு மேலுள்ளதை எல்லாம் கடல்மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் தடிப்பு இரண்டரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான் வரும். இத்தனைக்கும் ஓசோன் அதிகம் பிறப்பது எங்கள் வெப்ப வலயத்தின் மேலேதான். 242 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர் ஒட்சிசன் மூலக்கூறை இரண்டு அணுவாகப் பிளக்கிறது. தனித்த அணு இன்னொரு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். பிறந்ததை, ஓசோன் தங்கும் உயர் வளியடுக்கான படைமண்டலத்தின் மெதுவான காற்றோட்டம் துருவங்களை நோக்கிக் கொண்டுபோய்விடுகிறது.

இந்த மெல்லிய படலம் 280 முதல் 315 நனோமீற்றர் வரையான கதிரில் பெரும்பங்கைத் தடுக்கிறது. தப்பி வரும் மிச்சமே தோலைச் சுடுகிறது, கண்ணைக் கெடுக்கிறது. கடலில் நாள் முழுதும் நிற்பவர்களின் வெண்விழி ஓரத்தில் தொடங்கிக் கருவிழிமேல் படரும் சதைக்கு இந்தக் கதிரோடு தொடர்புண்டு. தொப்பி மேலிருந்து வருவதை மறைக்கும். காய்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலைநுரை 25 சதவீதத்தையும் கீழிருந்து திருப்பி எறிகிறதே, அதற்கு என்ன செய்வது? கழியூதாவைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று வலையைப் போலவே மீனவரின் தொழிற்கருவி என்று எண்ணப்பட வேண்டும்.

துறைமுகத்துக்கு இந்தக் கதையில் வேறொரு பங்கும் உண்டு. மீனுக்குக் குளிர் வேண்டும், குளிருக்குக் காஸ் வேண்டும். பெரிய ஐஸ் ஆலைகளில் வழக்கமான அமோனியா ஓசோனைத் தொடாது. வீட்டு பிரிட்ஜிலும் குளிரறையிலும் முன்பு ஓடிய ஆர்-12 வேறு சாதி. எரியாது, நஞ்சில்லை, மழையில் கரையாது. அந்தக் குணங்களே வினையாயின. கீழே அதை அழிக்க எதுவும் இல்லாததால் படைமண்டலம் வரை ஏறி, அங்கே கழியூதாவால் உடைந்து குளோரின் அணுவை விடுகிறது. அந்த அணு ஓசோனிலிருந்து ஓர் ஒட்சிசனைப் பிடுங்கி, தனித்த ஒட்சிசன் அணு ஒன்றிடம் அதைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு அடுத்த ஓசோனுக்குப் போகிறது. இப்படி ஓர் அணு ஒரு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும். விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தது இதைத்தான்.

ஓட்டை தெற்கில் விழுவது ஏன்? அந்தாட்டிக்காவின் நீண்ட இரவில் படைமண்டலம் சைபருக்குக் கீழே 78 பாகைக்கும் தாழக் குளிர்ந்து, அங்கே முகில் கட்டுகிறது. அதுவரை தீங்கில்லாத சேர்வைகளாகக் கட்டுண்டிருந்த குளோரின் அந்த முகிலின் துகள்மேல் அவிழ்கிறது. செப்டெம்பரில் சூரியன் எழுந்ததும் அழிவு தொடங்கும். விஞ்ஞானிகள் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அதை 1985இல் உலகுக்குக் காட்டினர்.

இரண்டே ஆண்டில், ஓசோனை அழிக்கும் காஸ்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. இலங்கை 1989 டிசெம்பரில் சேர்ந்தது. 2001இல் உறுப்பு நாடுகள் கொழும்பில் கூடின. வளர்முக நாடுகளிலும் 2010உடன் ஆர்-12 நின்றது. ஏசிகளில் நிறைந்த ஆர்-22 ஓசோனுக்குச் செய்யும் கேடு முன்னதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அதுவும் 2030க்குள் அநேகமாக முடிய வேண்டும். ஆகவே காஸ் அடிக்க வருபவர் பழையதைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

2022ஆம் ஆண்டின் உலக மதிப்பீட்டின்படி, அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்ப 2066 அளவில் ஆகும். ஆர்-12 காற்றில் சராசரியாக நூறு ஆண்டு வாழ்கிறது. 1985இல் திருகோணமலையில் ஏதோவொரு பிரிட்ஜின் செப்புக் குழாய் வெடித்து உஸ்ஸென்று போன காஸில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் மேலேதான் இருக்கிறது.