கல் பேசுமா... செல் பேசுமா?

லால்குடி வழியா ரயில்ல போயிருப்பீங்க. இறங்கியிருக்கீங்களா? திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான் பாஸ்! தினமும் காலேஜுக்கு அங்கேயிருந்துதான் ரயில் ஏறுறேன். போன வாரம் என் தங்கச்சி, ''நம்ம ஊருக்கு ஏன் லால்குடினு பேரு?''னு கேட்டா. ''மாலிக் கபூர் படை வந்தப்போ, சிவப்பா இருந்த கோபுரத்தைப் பார்த்து 'லால்' குடினு சொன்னாங்களாம்''னு கெத்தா எடுத்துவிட்டேன். ''எங்கே எழுதியிருக்கு?''னு அடுத்த கேள்வி. நான் க்ளீன் போல்டு!

அது வாய்வழிக் கதை. ஆனா, எழுதி வெச்ச சங்கதியும் இதே ஊர்ல இருக்கு. சப்தரிஷீஸ்வரர் கோயில் சுவர்களில் பல்லவர், பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகள். அவற்றில் நம்ம ஊரின் பேர் திருத்தவத்துறை! தினமும் தாண்டிப் போற சுவரை நான் ஒரு நாள்கூடப் படிச்சதில்லை. நீங்க?

இங்கேதான் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ட்ரி. செல்போன் கேமராவை ஒரு இடத்தை நோக்கிப் பிடிச்சா, ஜி.பி.எஸ்., திசைகாட்டி, கேமராவில் தெரியும் காட்சி மூணையும் வெச்சு நீங்க நிக்கிற இடத்தைக் கணக்குப் போட்டு, நிஜக் காட்சி மேலேயே பழைய காட்சியை ஒட்டும். 'போகிமான் கோ'வில் 2016-ல் பொம்மையைத் துரத்தினோமே, அதே வித்தைதான். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1990-களின் கடைசியிலேயே, முதுகில் கம்ப்யூட்டரைச் சுமந்துகிட்டு இதைச் செஞ்சு பார்த்தாங்க. 1968 மாணவர் போராட்டத்தை, அது நடந்த இடத்திலேயே நின்னு பார்க்கலாம்! கிரீஸின் ஒலிம்பியாவில், இடிஞ்சுபோன கோயிலை முழுசா எழுப்பிக் காட்டினாங்க. நம்ம நாட்டிலும் ஹம்பியை டிஜிட்டலில் பதிவுசெய்யும் திட்டத்தை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தியது.

நம்ம ஏரியாவில் எதைக் காட்டலாம்? ஸ்ரீரங்கம் ராஜகோபுரம்! 13 நிலை, 236 அடி. ஆனா, 1987 வரைக்கும் அது மொட்டைக் கோபுரம். தெருவில் நின்னு போனைத் தூக்கினா, மேல் நிலைகள் மறைஞ்சு, உங்க பாட்டி பார்த்த மொட்டைக் கோபுரம் தெரியணும். பாட்டியே பக்கத்துல நின்னு கதை சொன்னா டபுள் ஓகே. லால்குடி சன்னதித் தெருவில் ஹெட்போனை மாட்டினா, தியாகராஜரின் 'லால்குடி பஞ்சரத்னம்' கேட்கணும். கூடவே லால்குடி ஜெயராமன் வயலினும்!

ரெண்டு சிக்கல் இருக்கு மக்கா.

ஒண்ணு, கோயிலுக்குள்ளே செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டது. அதனால, நம்ம ஆப் தெருவோட நிக்கணும். நல்லதுதான். வெளியே படிச்சுட்டு, உள்ளே வெறும் கண்ணால தேடணும்.

ரெண்டாவதுதான் பெருசு. திரையில் கதையும் உண்மையும் ஒரே மாதிரிதான் மின்னும். மாலிக் கபூரைக் குதிரையோட கொண்டுவந்து நிறுத்தினா, என் தங்கச்சி சத்தியமா நம்பிடுவா. அதனால வாய்வழிக் கதைக்கு ஒரு கலர், கல்வெட்டுக்கு வேற கலர். இது கட்டாயம்.

கோடு எழுத நாம இருக்கோம். கல்லைப் படிக்க யார் இருக்கா? திருச்சியின் இரா.கலைக்கோவன் தொழிலால் கண் மருத்துவர். அவரும் அவரோட ஆய்வு மையத்தினரும் இந்தக் கோயிலைச் சுத்திச் சுத்தி ஆராய்ஞ்சு 'தவத்துறையும் கற்குடியும்'னு புத்தகமே போட்டிருக்காங்க. கண் டாக்டர் கல்வெட்டு படிக்கும்போது, கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் படிக்கக் கூடாதா? கல் தேயுது. சுத்தம் பண்றேன்னு மணலைப் பீய்ச்சி அடிச்சதில் எழுத்து அழிஞ்சுபோன கோயில்களும் தமிழ்நாட்டில் உண்டு. அழிஞ்ச வரியை எந்த ஆப்பாலயும் படிக்க முடியாது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? உங்க ஊர்க் கோபுரத்துக்குக் கீழே போய் நில்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் தங்கச்சியோட போறேன். போன் வீட்டுல. நோட்டு மட்டும் கையில!