அஞ்சல் தலைகளில் வானூர்தியும் தந்தியும்

அஞ்சல் தலைகளில், அன்றாடப் புழக்கத்துக்காக ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிடப்படுபவை பொதுப் பயன்பாட்டுத் தலைகள் என்றும், ஒரு நிகழ்வையோ மனிதரையோ நினைவுகூர்வதற்காகக் குறிப்பிட்ட அளவில் வெளியிடப்படுபவை நினைவுத் தலைகள் என்றும் வழங்கப்படுகின்றன. இந்தியாவில் வானூர்தி நினைவுத் தலைகளில் இடம்பெறும் முன்பே, 1929இல் வான்வழி அஞ்சலுக்கென்று வெளியான ஆறு தலைகளில் பறந்துவிட்டது.

1937இல் தொடங்கிய ஆறாம் ஜார்ஜ் மன்னர் வரிசை பொதுப் பயன்பாட்டு வகையைச் சேர்ந்ததே ஆயினும், பின்னர் வந்த நினைவுத் தலைகளைப் புரிந்துகொள்ள அதுவே திறவுகோல். இரண்டணாத் தலையில் ஓட்டத் தபால்காரர், இரண்டரை அணாவில் மாட்டுவண்டி, மூன்றணாவில் குதிரைவண்டி, மூன்றரையில் ஒட்டகம், நான்கில் ரயில், ஆறில் கப்பல், எட்டில் லாரி, பன்னிரண்டில் வானூர்தி என்று விலை ஏற ஏற ஊர்தியும் மாறியது. ரயிலைவிட லாரிக்கு இருமடங்கு விலை வைத்ததற்கு வேகம் காரணமாக இருக்க முடியாது. எனினும் வானம் செலவு மிக்கது என்ற எண்ணம் அதில் தெளிவாகவே பதிந்திருந்தது. விடுதலைக்குப் பின் 1947 டிசம்பர் 15 அன்று வெளியான தலையிலும், 1948 ஜூன் 8இல் தொடங்கிய பம்பாய்–லண்டன் சேவையைக் குறித்து முன்கூட்டியே வெளியான நினைவுத் தலையிலும் வானூர்திக்கு அதே பன்னிரண்டணாவே விலை.

இந்த ஏணியைக் கலைத்தது 1949. அவ்வாண்டு ஜனவரியில், டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களின் விமானங்கள் இரவில் நாகபுரியில் கூடி அஞ்சல் பைகளை மாற்றிக்கொள்ளும் சேவை தொடங்கியது. ஏப்ரலில், தனிக் கட்டணமின்றியே உள்நாட்டுக் கடிதங்களை இயன்ற இடமெல்லாம் விமானத்தில் அனுப்பும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் 1954இல், இந்திய அஞ்சல் தலையின் நூற்றாண்டையொட்டி வெளியான புறாவும் விமானமும் சேர்ந்த படம், பதினான்கணாத் தலையில் மட்டுமன்றி, சாதாரணக் கடிதத்துக்குரிய இரண்டணாத் தலையிலும் இடம்பெற முடிந்தது.

தபாலும் தந்தியும் 1985 வரை ஒரே துறையாக இருந்தமையால், கடிதத்துக்குப் போட்டியாக வந்தவற்றையும் அத்துறை தயங்காமல் கொண்டாடியது: 1953இல் தந்தியின் நூற்றாண்டுக்குப் பழைய கம்பமும் புதிய கம்பமும், 1972இல் ஆர்வி செயற்கைக்கோள் தரைநிலையமும், 1976இல் தொலைபேசியின் நூற்றாண்டுக்குக் கிரகாம் பெல்லும் தலையேறினர்.

விமானத் தலைகளுள் சுவை மிகுந்தவை 1961இல் வெளியான மூன்று. 1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களை ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடங்களில் கொண்டுசேர்த்த, உலகின் முதல் அதிகாரபூர்வ வான் அஞ்சலின் பொன்விழாத் தலைகள் இவை. பதினைந்து நயா பைசாத் தலையில் அவருடைய ஹம்பர்-சோமர் விமானமும் போயிங் 707உம் ஒருங்கே காணப்படுகின்றன. ஐந்து நயா பைசாத் தலையின் படமோ அன்று கடிதங்களில் குத்தப்பட்ட சிறப்பு முத்திரையே. ஆகவே அத்தலையை ஒட்டி அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் அஞ்சலக ஊழியர் முத்திரையின் மேலேயே முத்திரை குத்த வேண்டியதாயிற்று.